சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது எப்படி? குழையாமல், திகட்டாமல்

கேள்வி இதுதான்: "சர்க்கரைவள்ளிக்கிழங்கு உடம்புக்கு நல்லது என்று அடிக்கடி வாங்குகிறோம். அவித்து அப்படியே தின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பொரியலோ வறுவலோ செய்தால் குழைந்து களியாகிவிடுகிறது, அல்லது தித்திப்பாக இருக்கிறது என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவரும் இருக்கிறார். எப்படிச் செய்தால் சரியாக வரும்?"

பெரும்பாலும் தவறு ஒரே இடத்தில்தான் நடக்கிறது. இதை உருளைக்கிழங்கு மாதிரி நினைத்துச் சமைக்கிறோம். அதே அளவு தண்ணீர், அதே குக்கர் விசில், அதே வெங்காயம் தக்காளி மசாலா. இரண்டும் மண்ணுக்குள் விளைகின்றன என்பதைத் தவிர உறவே கிடையாது. உருளை கத்தரிக்காய்க்குச் சொந்தம், பருத்த தண்டு. சர்க்கரைவள்ளி வேலியோரம் படரும் ஊதாப்பூக் கொடிக்கும் வள்ளைக்கீரைக்கும் சொந்தம், பருத்த வேர். தெற்கு மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்பார்கள், ஈழத்தில் வற்றாளங்கிழங்கு. மரவள்ளியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மரவள்ளியில் சயனைடு தரும் சேர்மங்கள் இருப்பதால் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது அவசியம். இதற்கு அது தேவையில்லை, கொட்டினால் சுவைதான் போகும்.

முதலில் தித்திப்பு. பச்சைக் கிழங்கைக் கடித்துப் பாருங்கள், லேசான இனிப்புதான் இருக்கும். வெந்த பிறகு வரும் தித்திப்பில் பெரும்பகுதி அடுப்பில் உண்டாவது. கிழங்குக்குள் பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. சூடு ஏறி மாவுச்சத்து இளகத் தொடங்கியதும் அது மாவை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். இந்த வேலை மும்முரமாக நடப்பது ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில். 80 டிகிரியைத் தாண்டினால் நொதி செத்துவிடும், அதற்கு மேல் இனிப்பு ஏறாது. ஆக, கிழங்கின் உட்பகுதி அந்த இடைப்பட்ட சூட்டில் எத்தனை நிமிடம் இருக்கிறதோ அத்தனைக்குத் தித்திக்கும்.

முழுக்கிழங்கைச் சாம்பலில் புதைத்து முக்கால் மணி நேரம் சுட்டால், உள்ளே சூடு மெதுவாக ஏறி, நொதிக்குத் தாராளமாக நேரம் கிடைத்து, தேன் மாதிரி ஆகிறது. தோலோரம் பாகு கசிந்து கருகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அது இந்தச் சர்க்கரைதான். அதே கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் ஆவியில் போட்டால், இரண்டு மூன்று நிமிடத்தில் துண்டின் நடுப்பகுதி 80 டிகிரியைத் தாண்டிவிடும். நொதிக்கு வேலை செய்ய நேரமே இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் இந்த இரண்டாவது வழிதான்: சிறிய துண்டு, ஆரம்பத்திலேயே நல்ல சூடு. பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லக் கொதிக்கவிடுவது மாலைப் பலகாரத்துக்கு ஏற்ற முறை, பொரியலுக்கு அல்ல.

சர்க்கரை நோய் உள்ளவருக்கான பதிலும் இதிலேயே பாதி இருக்கிறது. "எண்ணெயே இல்லை, சுட்ட கிழங்கு" என்று பலர் அதை ஆரோக்கியமானதாக நினைக்கிறார்கள். கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண், அந்தக் கணக்கில் பார்த்தால் நிலைமை தலைகீழ். ரகத்துக்கு ரகம் எண் மாறும் என்றாலும், தண்ணீரிலோ ஆவியிலோ வெந்தது 50-ஐ ஒட்டி நிற்கும்போது, சுட்டதும் ஓவனில் பேக் செய்ததும் 80-ஐத் தாண்டிப் போகக்கூடியவை. வெந்த கிழங்கை ஆறவிட்டால் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, எளிதில் செரிக்காத வகையாக மாறும், அதுவும் கொஞ்சம் உதவும். தேங்காய், பருப்பு, தயிர் இவற்றோடு சேரும்போது சர்க்கரை ஏறும் வேகம் இன்னும் தணியும்.

ஆனால் மிச்சப் பாதி அளவில் இருக்கிறது. இதைக் காய்கறிக் கணக்கில் வைக்கக்கூடாது, சோற்றுக் கணக்கில் வைக்க வேண்டும். 100 கிராம் வெந்த கிழங்கில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சேர்த்து 18 கிராம் போல, கலோரி 76 போல. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம், கலோரி 130. அதாவது ஒருவர் 120 கிராம் கிழங்கு சாப்பிட்டால், தட்டில் சோற்றை 75 கிராம், ஏறக்குறைய ஒரு கரண்டி, குறைத்துவிட வேண்டும். வழக்கமான சோறு முழுதும் வைத்து, பக்கத்தில் "நல்லதுதானே" என்று கிழங்கும் வைத்தால் அது நல்லதாக இருக்காது. அன்றைக்கு உருளையோ வாழைக்காயோ சேப்பங்கிழங்கோ இரண்டாவதாக வேண்டாம். கீரையோ அவரையோ இருக்கட்டும்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். கார்த்திகை கடைசியில் வரத்து கூடி, பொங்கலுக்குத் தெருமுனை வரை குவிந்திருக்கும். அப்போது கிடைப்பது புதிதாக இருக்கும். தொட்டால் கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும், முனை சுருங்கியிருக்கக் கூடாது. விரல் நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளையாகப் பால் கசியும், அப்படிக் கசிவது புதுக்கிழங்கு. அந்தக் கீறலிலேயே உள்நிறமும் தெரிந்துவிடும். தோல் நிறத்தை வைத்து உள்நிறத்தைச் சொல்ல முடியாது, நம் சந்தையில் செந்தோல் கிழங்கு பெரும்பாலும் உள்ளே வெள்ளைதான். பொரியலுக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள, நடுத்தரப் பருமனான கிழங்குகளாகப் பொறுக்குங்கள். கை நீளக் கிழங்கில் நார் ஓடும், குட்டிக்கிழங்கில் தோல் சீவியே பாதி போய்விடும்.

ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் தொடவே வேண்டாம். அது கூன்வண்டு துளைத்தது. வண்டு குடைந்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான சேர்மங்களை உண்டாக்கும். அவை ஈரலுக்குக் கெடுதல், வேகவைத்தாலும் போகாது, துளையைச் சுற்றி வெட்டி எறிந்தாலும் அடுத்த பகுதியில் ஊறியிருக்கும். "கொஞ்சம்தான் கெட்டிருக்கிறது" என்று வெட்டிச் சமைத்துவிட்டு, பொரியல் முழுதும் கசக்கிறது என்று உப்பையும் மிளகாயையும் குறை சொல்வதில் பலனில்லை. ஒரு துண்டு கசந்தாலும் அந்தக் கிழங்கைக் குப்பையில் போடுங்கள். முளைவிட்டது வேறு விஷயம். முளைவிட்ட உருளையில் சொலனின் என்ற நஞ்சு இருக்கும், இதில் அது இல்லை. முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். கிள்ளாமல் தொட்டியில் நட்டாலும் கொடி வரும், இளந்தளிரைக் கீரையாக வதக்கலாம்.

வாங்கி வந்ததும் ஃபிரிட்ஜில் வைப்பது அநேகர் செய்யும் பிழை. இது வெப்ப மண்டலத்துக் கிழங்கு. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால் உள்ளே திசு கெட்டு, எத்தனை விசில் விட்டாலும் நடுப்பகுதி நறுக்கென்று வேகாமல் நிற்கும். "வெளியே குழைந்துவிட்டது, உள்ளே வேகவில்லை" என்பவர்களில் பலரின் கதை இதுதான். கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, காற்றோட்டமான கூடையில் வெளியே வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் 7 முதல் 10 நாள் தாங்கும். வெட்டியதை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே சமைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "வைட்டமின் ஏ நிறைந்தது" என்ற விளம்பரம் எல்லாக் கிழங்குக்கும் பொருந்தாது. உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் என்ற நிறமி ஆரஞ்சு நிறச் சதை உள்ளதில்தான் இருக்கிறது. வெள்ளைச் சதைக் கிழங்கில் அது பேருக்குத்தான். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா என்ற ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. அதன் ஊதா நிறக் கூட்டாளி பூ கிருஷ்ணா. அதில் கரோட்டினுக்குப் பதில் நாவற்பழத்தில் இருப்பது போன்ற ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமி. ஆப்பிரிக்காவில் ஆரஞ்சு ரகங்களைப் பரப்பி வைட்டமின் ஏ குறைபாட்டைச் சமாளித்த பணிக்காக மரியா ஆன்ட்ரடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் ஹவார்த் பூயிஸுடன் 2016-இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சாதாரணக் கிழங்குக்கு இத்தனை மரியாதை. ஆரஞ்சு கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அதில் நீர்ப்பசை கூடுதல், சீக்கிரம் குழையும். வெள்ளைச் சதைதான் மாவாக, முறுகலாக நிற்கும். கரோட்டின் உடம்பில் சேர எண்ணெயோ தேங்காயோ கொஞ்சம் வேண்டும், வெறுமனே அவித்துத் தின்பதைவிட ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்த பொரியல் இந்த வகையில் மேல்.

இனி சமையல். நான்கு பேருக்கு 500 கிராம் கிழங்கு. மண் போக பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தோலைக் கொஞ்சம் அழுத்தமாகச் சீவுங்கள். தோலுக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டரில் ஒரு வளையம் ஓடும், வெந்ததும் சாம்பல் நிறமாக மாறுவது அந்த இடம்தான். சீவியதை உடனே தண்ணீரில் போடாவிட்டால் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். பெரிய கிண்ணத்தில் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, அதற்குள் 2 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிப் போடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது இந்தக் கிழங்கில் மிக முக்கியம். உருளையில் பெரிசும் சின்னதுமாக இருந்தால் சமாளிக்கலாம், இதில் சின்னது கரைந்து பெரிசின்மேல் பூசிக்கொள்ளும், களி ஆரம்பமாவது அங்கேதான். வெட்டி முடித்ததும் தண்ணீரை மாற்றி ஒருமுறை அலசி, வடிதட்டில் கொட்டுங்கள். மேலே ஒட்டிய மாவும் பாலும் போய்விடும். கையில் பிசுபிசுப்பு ஒட்டினால் துளி எண்ணெய் தடவித் துடையுங்கள், சோப்பைவிடச் சீக்கிரம் போகும்.

பாத்திரம் அகலமாக, கனமாக இருக்க வேண்டும். இரும்புச் சட்டி வேண்டாம். கிழங்கில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் ஈரத்தோடு இரும்பில் பட்டால் கருநீலமாகும், கெடுதல் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் அழுக்காக இருக்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போட்டால் அதே அமிலம் பச்சையாக மாறும்.

பொரியல் இப்படி. சட்டியில் 1 டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். காய்ந்ததும் 1 டீஸ்பூன் கடுகு, அது பொரிந்ததும் 2 டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, சிவந்ததும் கிள்ளிய வரமிளகாய் 3, இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் பெருங்காயத்தூள். கிழங்கை வடித்துப் போட்டு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து, பெரிய தீயில் 2 நிமிடம் புரட்டுங்கள். மேற்பரப்பில் எண்ணெய் பூசி, சூடு சட்டென்று ஏறட்டும். அடுத்து, தனியே கொதிக்க வைத்த தண்ணீர் கால் கப், அதாவது 60 மில்லி. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சட்டியின் சூடு இறங்கி, தித்திப்புக்கு வழிவிடும். மூடி, நடுத்தரத் தீயில் 6 நிமிடம். இடையில் ஒரே ஒரு முறை, கரண்டியால் அல்ல, சட்டியின் காதைப் பிடித்து ஒரு குலுக்கு.

ஆறாவது நிமிடம் திறந்து கத்தி நுனியால் ஒரு துண்டைக் குத்துங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் கத்தியைத் தூக்கினால் துண்டு அதோடு கூடவே வர வேண்டும். உடைந்து விழுந்தால் தாண்டிவிட்டது. லேசாகத் தடுத்தால் இன்னும் ஒரு நிமிடம். உருளையை முழுக்க வேகவிட்டு இறக்குவோம், இதைத் தொண்ணூறு சதம் வெந்ததும் தீயை அணைத்துவிட வேண்டும், மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் மீந்திருந்தால் மூடியைத் திறந்து பெரிய தீயில் ஒரு நிமிடம் சுண்டவிடுங்கள், கிளறாமல்.

கடைசியாகச் சேர்ப்பதுதான் இந்தப் பொரியலைச் சோற்றுக்கு ஏற்றதாக மாற்றும். தேங்காய்த்துருவல் 4 டேபிள்ஸ்பூன், பச்சைமிளகாய் 2, சீரகம் அரை டீஸ்பூன், இஞ்சி ஒரு சின்னத் துண்டு. இவற்றை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று மட்டும் சுற்றி, கொரகொரப்பாகத் தூவிப் புரட்டுங்கள். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சைச் சாறு. தித்திப்பை மறைக்க உப்பைக் கூட்டுவது தவறு, அது இனிப்பை எடுத்துக்காட்டத்தான் செய்யும். அதைச் சமன் செய்வது புளிப்பும் இஞ்சி, மிளகாயின் உறைப்பும். பெரிய வெங்காயம் வேண்டாம் என்பதும் இதனால்தான், வதங்கிய வெங்காயம் தானே ஓர் இனிப்பு. போட்டே ஆகவேண்டும் என்றால் சின்ன வெங்காயம் ஆறேழு, சிவக்காமல்.

புளிப்பை ஏன் கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், புளிப்பு பட்டால் கிழங்கின் திசு இளகாது. எலுமிச்சையோ புளியோ முதலிலேயே விழுந்தால் இருபது நிமிடம் ஆனாலும் விறைப்பாகவே இருக்கும். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். புளிக்குழம்பில் போடும்போது, தனியே முக்கால் பாகம் வேகவைத்த துண்டுகளைக் கொதிக்கும் புளித்தண்ணீரில் சேர்த்தால், குழம்பு கொதித்து எத்தனை நேரம் கிடந்தாலும் துண்டு கரையாது. திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கும் திருவாதிரைக்கும் பல காய்களும் கிழங்குகளும் போட்டு வைக்கும் தாளகக் குழம்பில் சீனிக்கிழங்கு உருத்தெரியாமல் போகாமல் இருப்பதன் சூட்சுமம் இதுதான். பச்சையாகப் புளியில் போட்டால் மட்டும் வேகவே வேகாது.

வறுவல் கேட்பார்கள், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுதான் முதலில் காலியாகும். இங்கே சிக்கல் வேறு. இந்தக் கிழங்கில் சர்க்கரை இருப்பதால் மொறுமொறுப்பு வருவதற்குள் கருகிவிடும். சிப்ஸ் போட்டு நமத்துப்போனவர்களும், கருகிக் கசந்தவர்களும் தீயைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாற்ற வேண்டியது ஈரத்தை. 400 கிராம் கிழங்கை 8 மில்லிமீட்டர் கனமுள்ள அரைவட்டங்களாக வெட்டி, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் இட்லிப் பானையில் ஆவியில் 4 நிமிடம் மட்டும் வையுங்கள். எடுத்துப் பருத்தித் துணியில் பரப்பி 10 நிமிடம் ஆறவிடுங்கள், ஆவி போகப் போக மேற்பரப்பு வெளிறி உலர்ந்து தெரியும். அப்போது மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு அரை டீஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன் சேர்த்துக் கையால் பிசறுங்கள். தோசைக்கல்லில் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான தீயில் ஒரு பக்கத்துக்கு 4 நிமிடம். இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லா என்று கேட்கலாம். உலர்ந்த, மாவு பூசிய துண்டு, பழகிய எண்ணெய்க் கல்லில் சிலநேரம் இருப்பதால் கறுக்காது. ஈரத்தோடு வேகும்போதுதான் கறுப்பு ஏறும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், அடர்பழுப்பு வரை விட்டால் கசப்பும் வரும், அக்ரிலமைடு என்ற உடம்புக்கு ஆகாத சேர்மமும் கூடும்.

ஏர் ஃபிரையர் இருந்தால் இதே கலவையை 180 டிகிரியில் 12 நிமிடம், பாதியில் ஒரு முறை குலுக்கினால் போதும். 200-இல் வைத்தால் ஓரம் கருகும். மைக்ரோவேவ் இந்தக் கிழங்குக்கு ஒரு விதத்தில் நல்லது, சூடு மின்னல் வேகத்தில் ஏறுவதால் தித்திப்பு குறைவாகவே வரும். ஆனால் ஓரம் தோலாகிவிடும், ஈரத்துணி மூடி 200 கிராமுக்கு 3 முதல் 4 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குக்கரைப் பொரியலுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு விசிலுக்கும் அரை விசிலுக்கும் இடையில் பொரியல் களியாகிவிடும், திறந்து பார்க்கவும் வழியில்லை. மசியலுக்கு மட்டும் குக்கர் சரி: கீழே ஒரு கப் தண்ணீர், மேலே தட்டில் தோலோடு முழுக்கிழங்கு, 2 விசில், தானாக அடங்கும்வரை காத்திருத்தல். தண்ணீரில் மூழ்கடித்தால் சுவை முழுதும் தண்ணீருக்குப் போய்விடும்.

சர்க்கரை உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு எனது முதல் சிபாரிசு பொரியலைவிடக் கூட்டுதான், ஏனென்றால் கிழங்கின் அளவு குறைந்து பருப்பு கூடுகிறது. பாசிப்பருப்பு அரை கப் வாசம் வர வறுத்து, கழுவி, மஞ்சளோடு மலர வேகவையுங்கள், குழைய வேண்டாம். கிழங்கு 250 கிராம், இளசான முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. பருப்பு கொதிக்கும்போது கிழங்குத் துண்டுகளைப் போட்டு 6 நிமிடம், பின் கீரை, அது வெந்ததும் அரை டீஸ்பூன் சீரகமும் 10 மிளகும் 3 டேபிள்ஸ்பூன் தேங்காயும் அரைத்த விழுது, உப்பு. ஒரு கொதி வந்ததும் இறக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கீரையின் லேசான கசப்பு கிழங்கின் இனிப்பை அழகாகக் கட்டிப்போடும். அகத்திக்கீரையும் நன்றாகச் சேரும், கொஞ்சமாகப் போட்டால்.

வெயில் நாளுக்குத் தயிர்ப்பச்சடி. 200 கிராம் கிழங்கை 1 சென்டிமீட்டர் சதுரமாக ஆவியில் வேகவைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, புளிக்காத கெட்டித்தயிர் ஒரு கப், உப்பு, பொடியாக நறுக்கிய இஞ்சி பச்சைமிளகாயோடு கலந்து, கடுகு பெருங்காயம் தாளித்தால் ஆயிற்று. சூடான துண்டைத் தயிரில் போட்டால் தயிர் திரிந்து தண்ணீர் விடும்.

ஊதாக்கிழங்கு சமைக்கிறவர்களுக்கு: அதன் சாயம் தண்ணீரில் இறங்கும், ஆகவே ஆவிதான். எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகும், தேங்காயோடு நேரம் ஆக ஆக நீலம் கட்டும். கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

ஏற்கெனவே குழைந்துவிட்டது என்றால் தூக்கிப் போடாதீர்கள். மேலும் மசித்து, வறுத்த கடலைமாவு 2 டேபிள்ஸ்பூன், நறுக்கிய பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்து வடை மாதிரி தட்டி, கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுட்டெடுக்கலாம். ரொம்பத் தண்ணீராகப் போயிருந்தால் வெறும் சட்டியில் கிளறி ஈரத்தை ஓட்டிய பிறகு மாவைச் சேருங்கள், இல்லாவிட்டால் கடலைமாவு கூடிக்கொண்டே போய்க் கடைசியில் பஜ்ஜி மாவாகத்தான் முடியும்.

வயிறு உப்புகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வெந்த பக்குவத்தை. அரைவேக்காட்டு மாவுச்சத்தும், கிழங்கில் இயல்பாக உள்ள சில செரிக்காத சர்க்கரைகளும் பெருங்குடலில் போய் நொதித்து வாயுவாகின்றன. பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்பதற்குக் காரணம் சுவை மட்டுமில்லை. இரவுச் சாப்பாட்டில் தவிர்த்து மதியம் வைத்துக்கொண்டாலே பலருக்குச் சரியாகிவிடும்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பச்சைக் கிழங்கு 100 கிராமில் பொட்டாசியம் 330 மில்லிகிராம் வாக்கில் இருக்கிறது, ஆக்சலேட்டும் உண்டு, கால்சியம் ஆக்சலேட் கல் வந்து போனவர்களுக்கும் அது பொருந்தும். அவர்களுக்குச் சமைக்கும்போது நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாக, சிறு துண்டுகளை நிறையக் கொதிநீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சுவை போகும், பொட்டாசியமும் ஓரளவு போகும்.

மீந்த பொரியலை மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், தேங்காய் சேர்த்ததால் அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் சூடு பண்ணும்போது தண்ணீர் தெளிக்காமல், அகலமான சட்டியில் கால் டீஸ்பூன் எண்ணெயில் பரப்பி, கிளறாமல் 3 நிமிடம் விடுங்கள். அடியில் ஒரு மெல்லிய முறுகல் பிடிக்கும். தயிர்சாதத்துக்கு முதல் நாள் பொரியலைவிட அதுதான் நன்றாக இருக்கும்.